கைக்குட்டை காட்டிய வெள்ளை

2014 ஜூன் ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு அந்த நர்ஸ் முதன்முதலாகத் தாடைக்காரரின் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார். படமெடுக்க வருவோரிடமெல்லாம் “தாடையக் கொஞ்சம் இறக்குங்க” என்று சொல்லிச் சொல்லியே அவருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. நர்ஸுக்கு மருத்துவமனை அடையாள அட்டைக்குப் படம் வேண்டும். மாலை ஐந்துக்குள் கொடுக்காவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

ஒயிட் பேலன்ஸைக் கேமராவின் விருப்பத்துக்கு விடுகிற ஆளல்லர் தாடைக்காரர். “எது வெள்ளைன்னு நான்தான் அதுக்குச் சொல்லணும், அது எனக்குச் சொல்லக் கூடாது” என்பது அவர் கொள்கை. அன்றாடம் தம் கைக்குட்டையை விளக்கொளியில் விரித்துப் படமெடுத்து, ‘இதுதான் வெள்ளை’ என்று கேமராவுக்கு அறிவித்த பிறகே கடையைத் திறப்பார்.

மாலை நான்கு மணிக்கு நர்ஸ் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

“அண்ணே, ஆபீஸ்ல படத்த வாங்கல. என்னையே வார்டுல சேக்கப் பாத்தாங்க. எத்தன நாளா காமாலைன்னு கேக்கறாங்க!”

தாடைக்காரர் படத்தைப் பார்த்தார். முகத்தில் எலுமிச்சை பழுத்திருந்தது.

“கேமரா பொய் சொல்லாதும்மா. எதுக்கும் உடம்பப் பாத்துக்க.”

மறுபடி எடுத்தார், மறுபடியும் எலுமிச்சை. சந்தேகம் தீரத் தம்மையே ஒரு படம் எடுத்தார். அவருக்கும் காமாலை கண்டிருந்தது.

“ஐயையோ, எனக்குமா?” என்று கண்ணாடி முன் நாக்கை நீட்டினார்.

நர்ஸ் அவர் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். “கண்ணு நல்லாத்தான் இருக்கு. அந்தக் கைக்குட்டையக் கொடுங்க.” பையிலிருந்து பஞ்சுருண்டை ஒன்றை எடுத்து அதன்மேல் வைத்தார். பஞ்சு பளிச்சென்றது, கைக்குட்டையோ ஆகாயமாக விரிந்து கிடந்தது.

தாடைக்காரர் உட்பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். “இதுல எவ்வளவு சொட்டு நீலம் போட்ட?”

“பழுப்பா இருக்குன்னு நேத்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டது யாரு? மூணு சொட்டுக்குப் பதிலா மூணு மூடி விட்டேன். இப்ப என்ன குறைச்சல்?”

நீலத்தை வெள்ளையென்று நம்பிய கேமரா, அதைச் சரிக்கட்ட எல்லார் முகத்திலும் மஞ்சளைப் பூசியிருந்தது. தாடைக்காரர் பஞ்சை விளக்கடியில் வைத்து, வெள்ளையைப் புதிதாக அறிவித்தார். இம்முறை நர்ஸ் நர்ஸாகவே வந்தார். நான்கு ஐம்பத்தேழுக்குப் படம் ஆபீஸ் மேசையில் இருந்தது, வேலையும் கிடைத்தது.

மறுநாள் பணம் கொடுக்க வந்தவரிடம் தாடைக்காரர் கையை ஆட்டினார். “தப்பு என்னோடது. வேண்டாம்மா.”

“அப்ப கடனா இருக்கட்டும்ணே. ஒரு ஊசி. எப்ப வேணா வாங்க, வலிக்காமப் போடறேன்.”

ஊசியின் படத்தைக் கண்டாலே வியர்க்கும் மனிதர் அவர். யாரும் சொல்லாமலே அவர் தாடை இறங்கியது.

இன்று அந்தப் பெண் தலைமை நர்ஸ். தெருவில் கண்டால், “அண்ணே, ஊசி பாக்கி நிக்குது!” என்று குரல் கொடுப்பார். இதற்கிடையே தாடைக்காரருக்கு நான்கு முறை காய்ச்சல் வந்தது. ஒரு முறை ஆணியும் குத்தியது. அந்தக் கடனை மட்டும் அவர் கேட்கவே இல்லை.