ஹோலுக்கு நடுவால் நடப்பது

என் மனைவி டைல் கடைக்குள் செருப்பைக் கழற்றியதை, கடையில் நின்றவர் மரியாதை என்றே எடுத்துக்கொண்டார். "பரவால்ல அக்கா, போட்டுக்கிட்டே வாங்க" என்றார். அவள் சுவரில் சாய்த்து வைத்திருந்த டைல்களில் ஒன்றைத் தரையில் படுக்க வைக்கச் சொன்னாள். கைப்பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து அதன்மேல் கொஞ்சம் ஊற்றினாள். பிறகு அதில் ஏறி நின்று குதிகாலைத் தேய்த்துப் பார்த்தாள். அப்போதுதான் அவருக்கு முகம் மாறியது.

அவர் அலவத்துகொடைக்காரர். பொறுமைசாலி. டைல் வாங்க வருகிறவர்கள் எதையெல்லாம் செய்வார்கள் என்று பல வருடங்களாகப் பார்த்திருக்கிறார். நிறத்தைச் சேலையோடு ஒட்டிப் பார்ப்பவர்கள் உண்டு, நாணயத்தால் தட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. ஈரக் காலோடு ஏறி நிற்கும் வாடிக்கையாளர் அவருக்குப் புதிது. நான் சற்றுத் தள்ளிப் போய், குளியலறைக் குழாய்களை ஆராய்வது போல நின்றுகொண்டேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் நன்றாகக் கற்றுக்கொண்ட கலை அது.

"இதப் பாருங்க சேர்" என்று அவர் என் பக்கம் திரும்பினார். அவருக்கு எஞ்சியிருந்த நம்பிக்கை நான்தான். "நல்ல ஷைனிங் ஈக்குது. மொகம் பாக்கலாம்."

"மொகம் பாக்க வீட்டுல கண்ணாடி இருக்கு தம்பி" என்றாள் மனைவி, டைலை விட்டு இறங்காமலே.

அவள் ஏன் இப்படி ஆனாள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். கண்டி நகரத்துக்குள் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், சொந்தக்காரர் ஹோல் முழுவதும் பளபளக்கும் டைல் போட்டிருந்தார். வெயில் நாளில் அது அழகு. மழை நாளில் அது நனைந்த சவர்க்காரக் கட்டி. கண்டியில் மழை நாள்தான் அதிகம். ஒரு ஆடி மாதத்துப் பின்னேரம், தேநீரோடு வந்தவள் ஹோலின் நடுவில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்தது. நான் பக்கத்து அறையில் ஒரு தடித்த நாவலுக்குள் இருந்தேன். சத்தம் கேட்டது. கடைசியில் அந்த நாவலில் என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கட்டு அவிழ்த்த பிறகு கை சரியாகிவிட்டது. கால் சரியாகவில்லை. அதாவது காலில் ஒரு குறையும் இல்லை, ஆனால் அந்த ஹோலின் நடுவால் அவள் பிறகு ஒருநாளும் நடக்கவில்லை. சுவரோரமாகப் போவாள். அலுமாரியைத் தொட்டு, கதிரையின் முதுகைப் பிடித்து, ஜன்னல் கம்பியை எட்டி, கரை சேர்வாள். விருந்தாளிக்குத் தேநீர் கொண்டுவருவதென்றால் ஹோலை ஒரு சுற்றுச் சுற்றித்தான் வரவேண்டும், அதற்குள் தேநீர் பாதி ஆறிவிடும். விருந்தாளிகள் அதைக் கோயில் பிரகாரம் சுற்றும் பழக்கம் என்று நினைத்திருக்கலாம். யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. வருடக்கணக்காக அப்படித்தான் போனது.

ஆகவே, கலஹா வீதியிலிருந்து மேலே ஏறும் சரிவில் நாங்கள் வீடு கட்டத் தொடங்கியபோது, ஜன்னல், கூரை, படிக்கட்டு என்று எல்லாவற்றையும் புத்தகம் படித்துத் தீர்மானித்த என்னிடம் அவள் கேட்டது ஒன்றுதான். தரை அவளுடையது. மற்றதில் நான் எத்தனை புத்தகம் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம்.

நியாயமான பங்கீடுதான். ஆனால் எனக்கும் ஒரு பளபளப்பு ஆசை இருந்தது. எங்கள் சொந்தபந்தத்தில் வீட்டைத் தரையை வைத்துத்தான் எடைபோடுவார்கள். வத்தளையில் இருக்கும் என் அக்கா வீட்டு ஹோலில் குனிந்து பார்த்தால், மேலே சுற்றும் மின்விசிறி கீழேயும் சுற்றும். முதல்முறை போகிறவர்கள் அதை மிதிக்காமல் விலகுவார்கள். அப்படி ஒரு மின்விசிறி எனக்கும் வேண்டியிருந்தது. அக்காவிடம் தொலைபேசியில் ஆலோசனை கேட்டேன். சொரசொரப்பான டைலைப் பாத்ரூமுக்குத்தான் போடுவார்கள், ஹோலில் போட்டால் பஸ் ஸ்டாண்ட் மாதிரி இருக்கும் என்றாள். இதை நான் பொதுவான அறிஞர் கருத்து என்ற முறையில் மனைவியிடம் சமர்ப்பித்தேன்.

"பஸ் ஸ்டாண்டுல யாரும் வழுக்கி விழுந்து நான் பாத்ததில்ல" என்றாள்.

அத்தோடு விவாதம் முடிந்தது. மங்கிய சாம்பல் நிறம், கையால் தடவினால் பசுவின் நாக்கு மாதிரி இருக்கும் டைல். விற்பனைப் புத்தகத்தில் அதற்கு இத்தாலிய ஊர் ஒன்றின் பெயர் போட்டிருந்தது. அந்த ஊர்க்காரர்கள் பார்த்தால் வருத்தப்படுவார்கள்.

டைல் பதிக்கக் கடுகண்ணாவையிலிருந்து ஒரு பாஸ் வந்தார். மேசன்களை நாங்கள் பாஸ் என்றுதான் அழைப்போம், அவர்களும் அந்தப் பெயருக்கேற்பவே நடந்துகொள்வார்கள். வேலை தைப்பொங்கலுக்கு முன் முடியும் என்றார், முடியவில்லை. அந்த வாரம் மழை வராது என்றார், வந்தது. குளியலறைத் தண்ணீர் தானாகவே வடிகுழாய்ப் பக்கம் ஓடும் என்றார், அது இன்றைக்கும் கதவுப் பக்கம்தான் ஓடுகிறது. இத்தனைக்கும் பிறகு, கடைசி வரிசையை ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டே அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை மட்டும் நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

"இந்த டைல் கால நல்லா புடிக்கும் சேர். மஞ்சளையும் நல்லா புடிக்கும். பட்டா போகாது, பாத்துக்கங்க."

கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. எங்கள் மங்கள காரியங்களை ஒரு டைல் கம்பெனிக்காரன் பார்த்தால் தலையில் கைவைப்பான். மஞ்சள் தண்ணீர், குங்குமம், எண்ணெய், நெய், உடைத்த தேங்காய், கடைசியில் பால். அந்தப் பால் பொங்கி வழியாவிட்டால் நமக்குத்தான் மனக்குறை. கறை படியக்கூடிய எல்லாவற்றையும் ஒரே காலையில், வீடு புத்தம் புதிதாக இருக்கும்போதே ஊற்றிவிடுவது நம்முடைய ஏற்பாடு.

இதற்கு மருந்தும் நம்மிடமே உண்டு. புதுப் பொருளின் பொலித்தீன் உறையை நாங்கள் லேசில் கழற்றுவதில்லை. சோபா வாங்கினால் உறையோடுதான் உட்காருவோம், எழும்போது அது நம்மோடு கொஞ்சம் எழும். த்ரீவீலர் சீட், டீவி ரிமோட் எல்லாம் அப்படித்தான். எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த மெல்லிய தாள், பெட்டியே பழுதாகும் வரை இருந்தது. எனவே நான் கண்டிச் சந்தைப் பக்கம் போய்த் தடித்த பொலித்தீன் சுருள் ஒன்று வாங்கிவந்தேன். விழாவுக்கு முதல்நாள் பின்னேரம், மனைவி பழைய வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, ஹோல் முழுவதும் அதை விரித்து, விளிம்பெல்லாம் டேப் ஒட்டினேன். ஒரு சுருக்கம் இல்லை. என் வாழ்க்கையில் நான் நேர்கோட்டில் செய்து முடித்த ஒரே வேலை அதுதான். விளக்கைப் போட்டுப் பார்த்தேன். மின்விசிறி கீழேயும் தெரிந்தது.

காலையில் மலைச்சரிவெங்கும் பனிமூட்டம். பசுவை ஏற்றிவருவது பற்றிப் பேச்சு இருந்தது, ஆனால் எங்கள் பாதையின் சரிவைப் பார்த்துப் பசுக்காரரே மறுத்துவிட்டார். ஐயர் முன்னதாகவே உள்ளே போய், மாவிலையால் மஞ்சள் தண்ணீரை ஹோல் முழுவதும் தாராளமாகத் தெளித்து வைத்திருந்தார். சுபநேரம் வந்ததும் மனைவி இடுப்பில் நிறைகுடத்தோடு படியேறினாள். அவளுக்குப் பின்னால் சாமி படத்தோடு நான், எனக்குப் பின்னால் உப்பும் மஞ்சளும் வைத்த தட்டோடு வத்தளை அக்கா, அதற்குப் பின்னால் சொந்தபந்தம்.

வாசற்படியில் அவள் நின்றுவிட்டாள்.

"நேரம் போகுதும்மா. வலது கால எடுத்து வச்சு வாங்க" என்றார் ஐயர் உள்ளேயிருந்து.

அவள் காலை எடுக்கவில்லை. ஈரம் மினுங்கும் பொலித்தீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பின்னாலிருந்து மெதுவான குரலில், மஞ்சள் கறை, பாஸின் எச்சரிக்கை, பொலித்தீனின் தடிப்பு ஆகியவற்றை விளக்கத் தொடங்கினேன். என் உரையில் அவளுக்கு நாட்டம் இருந்ததாகத் தெரியவில்லை. அவளுடைய பார்வை தரையை விட்டு விலகிச் சுவர் விளிம்புக்குப் போனது. பழைய வீட்டில் நான் வருடக்கணக்காகப் பார்த்த அதே பார்வை.

அக்காவும் அதைக் கவனித்திருக்க வேண்டும். உதவுகிற மனசோடுதான் சொன்னாள்: "ஓரமா போ தங்கச்சி. செவுத்தப் புடிச்சிக்கிட்டுப் போயிரு."

மனைவி திரும்பவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"ஓரமா நடக்கவா அண்ணி இந்த வீட்டக் கட்டினோம்? இத எடுக்கச் சொல்லுங்க."

யார் எடுக்க வேண்டும் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. அவளைத் தாண்டி உள்ளே போய், சாமி படத்தை ஐயரின் கையில் கொடுத்துவிட்டு, பட்டு வேட்டியோடு முழங்காலில் இறங்கினேன். நேர்த்தியாக ஒட்டியதன் பலனை அப்போதுதான் அனுபவித்தேன். டேப் நகத்துக்கு வரவில்லை. ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, சுபநேரத்தில் இன்னும் கொஞ்சம் இடம் இருப்பதாகப் பெருந்தன்மையாக அறிவித்தார். அக்கா தட்டை வாசலில் வைத்துவிட்டு வந்து, காஞ்சிபுரத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு எதிர் மூலையை இழுத்தாள். "சின்ன வயசுல பாய் சுருட்டச் சொன்னா ஓடிருவான், இப்ப பாருங்க" என்று பொதுவாக எல்லோருக்கும் சொன்னாள். சுருட்டச் சுருட்ட, பொலித்தீன்மேல் தேங்கியிருந்த மஞ்சள் தண்ணீர் முழுவதும் ஒரே பக்கமாக ஓடி, வாசலுக்கு முன்னால் வெறும் டைலில் கொட்டியது. நான் காப்பாற்ற நினைத்த இடத்தில் சரியாக.

அவ்வளவு நேரமும் அவள் குடத்தை இறக்கவில்லை. இறக்கக்கூடாது என்பது வழக்கம். இடுப்பு வலித்திருக்கும்.

பிறகு வந்தாள். அந்த மஞ்சள் தண்ணீரிலேயே வலது காலை வைத்து, நேராக நடுவால் நடந்தாள். குடத்தில் தண்ணீர் தளும்பி இருபக்கமும் சிந்தியது. அவள் குனிந்து பார்க்கவில்லை. எதையும் பிடிக்கவில்லை. அலுமாரியும் கதிரையும் இன்னும் வந்திராததால் பிடிப்பதற்கு ஒன்றும் இருக்கவுமில்லை. சுருட்டிய பொலித்தீனைக் கட்டிப்பிடித்தபடி தரையில் இருந்த எனக்கு அவள் முகம் தெரியவில்லை. குதிகால் மட்டும் தெரிந்தது. டைல் கடையில் தேய்த்துப் பார்த்த அதே குதிகால். சமையலறை வாசலில் ஒருமுறை நின்றாள், பிறகு உள்ளே போனாள். பால் பொங்கியது. நன்றாகவே வழிந்தது.

பாஸ் சொன்னதில் அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் பலித்தது, கால் விஷயமும் மஞ்சள் விஷயமும். வாசலுக்கு முன்னால் ஒரு மஞ்சள் திட்டு நிரந்தரமாகத் தங்கிவிட்டது. தேசிக்காய்ப் புளி, பிளீச்சிங் பவுடர், கூகுள் சொன்ன வேறு சில வஸ்துக்கள் எல்லாம் போட்டுத் தேய்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கடந்து போகும்போது, "விடுங்க, நடக்கிற எடந்தானே" என்றாள். பொலித்தீன் சுருளைக் கழுவிக் காயவைத்து ஸ்டோர் அறையில் வைத்திருக்கிறேன். அக்கா புது சோபா வாங்கப் போகிறாளாம், கேட்டிருக்கிறாள்.

குடிவந்த கையோடு, என் வாசிப்புக் கதிரையை வெளிச்சம் நன்றாக விழுகிற இடத்தில், ஹோலின் நடுவில் போட்டேன். மறுநாள் தேநீரோடு வந்தவள் அதன் முன்னால் நின்றாள்.

"கதிரைய ஓரமாப் போடுங்க. நான் நடக்கிற வழி."

இப்போது நான்தான் சுவரோரம். வெளிச்சம் அவ்வளவாகப் போதாது. தேநீர் சூடாக வருகிறது.