கிருத்திகையில் வைத்த விருந்து

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் காலண்டரும் கையுமாக வந்து உட்கார்ந்தார். மகளுக்கு நிச்சயதார்த்தமாம். செலவு கையைக் கடிக்கக்கூடாது, வந்தவர்கள் வயிறும் நிறைய வேண்டும்... அதற்குத் தோதான நாள் எது என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். நான் ஒரு பார்வை பார்த்தேன். மூடிக்கொண்டார். பின்னே, பட்டது போதாதா?

பல வருஷங்களுக்கு முன்னால் என் நாத்தனாருக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு ஆந்திர எல்லையில், நகரிப் பக்கம். நூல் விலை ஏறி, எங்கள் தறி பாதி நாள் ஓடாத சமயம். விருந்தில் குறை வந்தால் அந்தப் பெண்தான் போன இடத்தில் காலமெல்லாம் பேச்சுக் கேட்க வேண்டும். நான் அரிசி, பருப்புக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன். இவரோ சிரித்துக்கொண்டே வந்தார்.

"கிருத்திகை அன்னிக்கு வெச்சிட்டேன். ஒருத்தரும் கறி கேக்கமாட்டாங்க. பாதிப் பேரு விரதம் வேற. எப்டி?"

எனக்கும் அன்று இவர் பெரிய மேதையாகத்தான் தெரிந்தார். என்னைச் சொல்ல வேண்டும்.

திருத்தணியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். கிருத்திகை என்றால் மலைக்கு எவ்வளவு கூட்டம் வரும் என்பது எப்படி மறந்தது? நிச்சயதார்த்தத்துக்கு வருவதாகவே இல்லாத சொந்தமெல்லாம் சாமி பார்க்கக் கிளம்பியது. பார்த்துவிட்டு, படியிறங்கி, நேராக எங்கள் வீட்டுக்கு வந்தது. விரதக்காரர்கள்? ஒருபொழுது இருப்பவர்களுக்கு நாள் முழுவதற்கும் அந்த ஒரு சாப்பாடுதானே... மலை ஏறி இறங்கிய பசியோடு உட்கார்ந்தார்கள்.

இரண்டாம் பந்தியிலேயே சாம்பார் அண்டா காலி. பாயசம் போன இடம் தெரியவில்லை. உலையில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது — அதில் ஊற்றத்தான் ஒன்றுமில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இன்னும் சாப்பிடவே உட்காரவில்லை.

அண்டாவைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், அடுப்படி வாசலில் மாப்பிள்ளையின் அம்மா. அண்டாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஊறுகா ஜாடி எங்கம்மா இருக்குது?" என்றார்.

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வடித்த சூட்டிலேயே சோற்றில் ஆவக்காயைக் கொட்டி, நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தார். பரிமாறப் பரிமாற இலை காலியானது. காரத்தில் எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர், ஆனால் கை நிற்கவில்லை. நீர்மோர் குடம் குடமாக இறங்கியது. விருந்து பிரமாதம் என்று பேச்சு.

"எப்டிம்மா உங்களுக்கு இது தோணிச்சு?" என்றேன்.

"எம் மூத்த பொண்ணுக்கு நிச்சயம் பண்ணப்ப எனக்கும் இதே கதிதாம்மா. கறிச் செலவு மிச்சம்னு எங்க வூட்டுக்காரரும் கிருத்திகையிலதான் வெச்சாரு. திருத்தணிக்குப் போற சொந்தம் அத்தினியும் எங்க வூட்ல எறங்கிடிச்சி."

போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. இருவரும் சிரித்து முடிக்கவில்லை, கூடத்தில் ஆண்கள் கல்யாணத்துக்கு நாள் பார்க்கும் குரல் கேட்டது. விருந்து பிரமாதம் என்பதை இவர் அப்படியே நம்பிவிட்டார் போலிருக்கிறது.

"வர்ற கிருத்திகைக்கே வெச்சிடலாங்களா?"

"ஆங், அதாங்க சௌகரியம்," என்றார் சம்பந்தி.

அடுப்படியிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் சொன்ன "வேணாம்", மலையடிவாரம் வரைக்கும் கேட்டதாம்.