தொரை ஜெயித்த நாள்

அம்மா பிறந்த சமயத்தில்தான் இலங்கை மலையில் கோப்பிச் செடிகள் நோய் கண்டு செத்தன. பண்டாரவளைக்கு ரயில் வந்தபோது அவள் சிறுமி. அதற்குள் தேயிலைக் கொழுந்துக் கூடை முதுகில் ஏறிவிட்டது. பதுளைக்கு ரயில் வந்தபோது அவள் இல்லை. கோப்பியையும் ரயிலையும் பற்றி எழுதிவைத்திருக்கிறார்கள். அவளைப் பற்றி எவனும் ஒரு வரி எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

ஜெர்மன் சண்டை முடியும் நேரத்தில் எங்கள் தோட்டத்தில் விஷக்காய்ச்சல். காய்ச்சல்காரர்களை ஆற்றோரக் கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். ஒருவருக்கு வந்தால் வீட்டில் உள்ள எல்லோரையும் சேர்த்து அள்ளினார்கள். பக்கத்து லயத்து வீட்டு வரிசையிலிருந்து ஒரு குடும்பமே போனது, ஒருவரும் திரும்பவில்லை. அதனால் எல்லோரும் காய்ச்சலை மறைத்தார்கள். வாசலில் வேப்பிலை செருகினால் கங்காணிக்குத் தெரிந்துவிடும் என்று மாரியம்மனுக்கு வீட்டுக்குள்ளேயே விளக்கு வைத்தார்கள். தொட்டால் சூடு தெரியாமலிருக்க நெற்றியில் ஈரத் திருநீற்றை அப்பிக்கொண்டார்கள்.

அம்மாவும் அப்பிக்கொண்டாள். அப்பா செத்துப் பல வருடம். வீட்டில் நாங்கள் இருவர்தான். எனக்கு ஏழு வயது.

அன்று காலை கொம்பு ஊதி எல்லோரையும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு வரச் சொன்னார்கள். வராதவன் காய்ச்சல்காரன் என்று பொருள்.

"நான் சாஞ்சா முட்டுக் குடு. கைய விட்றாத, புள்ள," என்றாள் அம்மா.

களத்தில் கங்காணி கத்தினார். "நம்ம தொரைமாருக ஜெயிச்சுட்டாங்க. பலமாத் தட்டுங்க."

"யாரைங்க ஜெயிச்சாங்க?" என்றாள் ஒரு கிழவி.

"ஜெர்மன்காரன."

"அவன் எந்தத் தோட்டத்து ஆளு?"

சிரிப்பு எழுந்தது. அம்மாவும் கை தட்டினாள். அவள் உடம்பு என் தோளில் கொதித்தது.

அப்போது பதுளை ரொட்டிக் கடையிலிருந்து வந்த இனிப்புப் பணிஸ் கூடையைத் திறந்தார்கள். பிள்ளைகள் ஓடினார்கள். நானும் ஓடினேன். அம்மாவுக்கும் சேர்த்து ஒன்று கேட்டேன், கொடுத்தார்கள். திரும்பி வந்தபோது அவள் மண்ணில் கிடந்தாள்.

குனிந்து பார்த்த மருந்துக்காரர் தோட்டத்துக்குப் புதியவர், எங்களைத் தெரியாது.

"வீட்ல வேற யாரு இருக்கா?"

"யாருமில்லீங்க."

"அப்ப இந்தப் புள்ள?"

அம்மா என்னைப் பார்த்தாள். "அது யாரு வீட்டுப் புள்ளையோ. பணிஸு வாங்க வந்திருக்கு."

கங்காணிக்கு எங்களை நன்றாகத் தெரியும். அவர் வாயைத் திறக்கவில்லை. அந்த ஆள் ஆயுளில் செய்த ஒரே நல்ல காரியம் அது. அடுத்த வீட்டுச் சின்னம்மா பின்னாலிருந்து என் வாயைப் பொத்தித் தன் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அம்மாவைக் கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கையை விட்டதற்காக என்னை வேண்டாமென்று சொல்லிவிட்டாள் என்று நினைத்தேன். அந்த ஆத்திரத்தில் அவளுடைய பணிஸையும் நானே தின்றேன்.