அண்ணாச்சி சொன்னதாகத் தலைவர் சொன்னது

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எங்கள் நகராட்சி கவுன்சிலர் மாரியப்பன் பேசினான். "ஆறுமுகநயினார் அண்ணாச்சி போயிட்டாருண்ணே. நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிட்டு." நான் கேட்ட முதல் கேள்வி நகராட்சித் தலைவரைப் பற்றித்தான், "தலைவர் வந்துட்டாரா?" சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அண்ணாச்சியோடு பழகிய உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அவராக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார்.

எங்கள் ஊர்ப் பெயர் வேண்டாம். சங்கரன்கோவிலுக்குப் பக்கத்து ஊர்தான், உங்களுக்குத் தெரியும். நகராட்சி மன்றக் கூட்டத்தில் கவுன்சிலர்களான எனக்கும் அண்ணாச்சிக்கும் அடுத்தடுத்த நாற்காலி. ஆனால் உள்ளூரில் நாங்கள் சேர்ந்து டீ குடித்ததே இல்லை. "நம்மூர்ல குடிச்சா, கிளாஸைக் கழுவுததுக்குள்ள தலைவருக்குச் சேதி போயிரும் வே" என்பார். அதனால் அவர் பஸ்ஸிலும் நான் பைக்கிலுமாகத் தனித்தனியே சங்கரன்கோவிலுக்கு வருவோம். எங்களை யாரும் வேவு பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

கல்யாணம், காதுகுத்து என்று எந்த பிளக்ஸ் போர்டைக் கண்டாலும் செல்போனில் படம் எடுத்துக்கொள்வார். டீக்கடையில் அதைப் பெரிதாக்கி, யார் படம் எங்கே, என்ன அளவில் என்று பார்ப்பார். ஒருநாள் போனை என் பக்கம் தள்ளினார். "தலைவர் எம்.எல்.ஏ. சீட்டுக்கு அடி போடுதாரு. பாத்தீரா, கட்சி மாவட்டச் செயலாளர் படத்தைப் பெருசாக்கி, தன் படத்தைத் தானே சின்னதாக்கியிருக்காரு. இவருக்கு எப்பம்வே பணிவு வந்துச்சு?" ஒரே மாதத்தில் ஊரே அதைப் பேசியது.

தலைவர் எம்.எல்.ஏ. ஆகிப் போனால் அந்த நாற்காலிக்கு யார்? கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு பெயர்கள் அடிபட்டன. ஒன்று அண்ணாச்சியுடையது, மற்றது என்னுடையது. அதோடு சங்கரன்கோவில் டீ நின்றுபோனது. அந்தச் சமயத்தில் அவர் வார்டில் கோவில் கொடைத் திருவிழா வந்தது. அவர் வைத்த பிளக்ஸில் எல்லா கவுன்சிலர்களும் இருந்தார்கள், என்னைத் தவிர. கேட்டதற்கு, "கடைக்காரன் விட்டுட்டான் வே, நான் கவனிக்கல" என்றார். ஊரார் பிளக்ஸையெல்லாம் துருவுகிறவர் தன் பிளக்ஸைக் கவனிக்கவில்லையாம். நான் நம்பவில்லை. என் மகள் காதுகுத்துக்கு வைத்த பிளக்ஸில் அவர் படத்தை வேண்டுமென்றே போடாமல் விட்டேன். விசேஷத்துக்கு வந்தவர் போர்டின் முன் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே வந்து, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பிள்ளைக்குத் திருநீறு பூசிவிட்டுப் போனார். போனை வெளியே எடுக்கவே இல்லை. நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

அண்ணாச்சியின் துஷ்டி வீட்டில் தலைவர் என்னை வேப்பமரத்தடிக்குத் தனியாகக் கூட்டிப்போனார். "போன வாரம் எங்கிட்ட வந்தாரு. எனக்கு வேண்டாம், அவருக்கே குடுங்கன்னு உம்ம பேரைத்தான் சொல்லிட்டுப் போனாரு" என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். இந்த மனுஷனையா சந்தேகப்பட்டேன் என்று இருந்தது.

முகம் கழுவிவிட்டுத் திரும்பினால், அதே மரத்தடியில் மாரியப்பனின் தோளில் கை போட்டுத் தலைவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மாரியப்பனும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். சீட்டு கேட்கிறவருக்கு இப்போது எல்லா கவுன்சிலர்களும் வேண்டும்.

அண்ணாச்சியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். அதுவும் தலைவர் வாய்வழியாக வந்தது. தலைவர் என்ன சொன்னார் என்று மாரியப்பனிடம் ஒரு வார்த்தை கேட்டால் உண்மை தெரிந்துவிடும். அண்ணாச்சியாக இருந்தால் அங்கேயே, பாடை எடுப்பதற்கு முன்பே கேட்டிருப்பார். பதினாறாம் நாளும் முடிந்துவிட்டது. நான் இன்னும் கேட்கவில்லை.