படித்துக் காட்டாத சாட்சியம்

பிரிண்டர் தாளை உள்ளே இழுக்கும் சத்தம். கர்ரென்று ஒரு கடி, பிறகு ஒரு விழுங்கல். எங்கே கேட்டாலும் எனக்குப் பாண்டியம்மாள் ஞாபகம்.

காரைக்குடியில், மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சாட்சிகள் சொல்வதை டைப் அடிப்பது என் வேலை. முடிந்ததும் சாட்சிக்குப் படித்துக் காட்டி, சரியென்ற பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். "படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டார்" என்ற வரி எல்லாத் தாளின் அடியிலும் முன்கூட்டியே ஏறியிருக்கும். படித்தாலும் இருக்கும், படிக்காவிட்டாலும் இருக்கும்.

பாண்டியம்மாள் கல்லல் பக்கத்துச் சித்தாள். வேலையிடத் தகராறில் மேஸ்திரி கம்பியால் அடித்தான் என்று புகார். "பின்னாலருந்து அடி விழுந்துச்சு. திரும்புனா, அவன் கம்பியோட நிக்கிறான்" என்றாள் கூண்டில். என் விரல்கள் அதை "அவர் அடித்ததைப் பார்த்தேன்" என்று சுருக்கின. மதியப் பசி வேறு. "ஆத்தா, இங்குட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றேன். போட்டாள்.

அடுத்த வாய்தாவில் குறுக்கு விசாரணை. "அடிக்கையில பாக்கல" என்றாள். முன்னுக்குப் பின் முரண் என்று மேஸ்திரிக்கு விடுதலை. அதோடு நிற்கவில்லை. பொய்ச்சாட்சி சொன்னதாக அவள்மேல் வழக்குப் போடச் சொல்லி அவன் மனுப் போட்டான். ஜெயிலுக்கே போக நேரலாம்.

"பொய்ப் புகார் கொடுத்தவங்கள சும்மா விட்டா நாளைக்கு ஊரே கொடுக்கும்" என்றார் மனு விசாரணையில் அவன் வக்கீல். பேச்சில் தப்பில்லை. பொய் சொல்லி ஜெயித்தவர்களின் சாட்சியத்தையும் நான் டைப் அடித்திருக்கிறேன். ஆனால் தோற்ற புகாரெல்லாம் பொய்யா?

"நான் அப்படிச் சொல்லவே இல்லைங்கய்யா" என்றாள் பாண்டியம்மாள்.

"சொல்லாததுக்கா கையெழுத்துப் போட்டே?" என்றார் வக்கீல்.

சிரித்தார்கள். எனக்கோ நான் விழுங்கிய அந்தத் "திரும்புனா" நெஞ்சில் நின்றது. தலைமை எழுத்தர் என் முகத்தைப் பார்த்துவிட்டார். "யோவ், பேசாம உக்காரு. வேலைக்கு உலை வச்சுக்காத."

எழுந்துவிட்டேன்.

"ஐயா, அன்னைக்கு நான் படிச்சுக் காட்டல. அவங்க சொன்னதும் அது இல்ல."

மாஜிஸ்திரேட் தாளைப் புரட்டினார்.

"கீழ என் கையெழுத்தும் இருக்கு. தெரியுமா?"

"தெரியுங்கய்யா."

அவர் நெடுநேரம் எழுதினார். மனு தள்ளுபடி. எனக்கு மெமோ.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு: சாட்சிக்குப் படித்துக் காட்டிய பிறகே அந்த வரியை அடியுங்கள்.

அன்று வாசலில் அவளிடம் போனேன். நன்றி சொல்வாள் என்று ஓர் அற்ப ஆசை. பையை இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பியவள் நின்று என்னைப் பார்த்தாள்.

"அன்னைக்கே படிச்சுக் காட்டியிருந்தீகன்னா, அவன் தப்பிச்சு வெளிய போயிருப்பானாய்யா?"