என் கன்னத்தில் நாலு விரல்

டியூஷன் நண்பர்கள் அனைவருக்கும் ஒரு முக்கிய அறிவிப்பு. என் முகப்பருவுக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது.

சூலூர் டாக்டர் கைவிரித்துச் சீட்டு எழுதிக் கொடுக்க, இன்று காலை அம்மாவோடு கோயமுத்தூர் தோல் டாக்டரிடம் போய் வந்தேன்.

"மூஞ்சிக்கு என்ன தடவறே தம்பி? மறைக்காமச் சொல்லு. தெரியாம மருந்து குடுத்துப்போட்டா தோல் வெந்துரும்."

"வெறும் தண்ணிதானுங்க. க்ரீமெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரமுங்க," என்றேன். அம்மாவும் பெருமையாகத் தலையாட்டினார்.

டாக்டர் கதவைச் சாத்தி லைட்டை அணைத்தார். ஊதா வெளிச்சம் தரும் சின்ன விளக்கை என் முகத்தருகே பிடித்து, கையில் கண்ணாடியைக் கொடுத்தார்.

அதில் தெரிந்தது என் முகமே இல்லை. இருட்டில் பற்கள் மட்டும் வெள்ளையாகச் சிரித்தன. கன்னத்தில் நாலு விரல் தடம், நீலமாக மினுங்கிக்கொண்டு கழுத்துவரை இறங்கியிருந்தது. யாரோ பின்னால் நின்று மெதுவாகத் தடவிவிட்டுப் போனதுபோல.

அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தார். "ஏனுங்க டாக்டர், இதாரு கையிங்க? ஊட்ல பையன் தனியாத்தானுங்க படுக்கறான்!"



"உன்ற கையை அது மேல வெச்சுப் பாரு கண்ணு," என்றார் டாக்டர்.

வைத்தேன். கோணல் சுண்டுவிரல்வரை அப்படியே பொருந்தியது.

சரி, ஒப்புக்கொள்கிறேன். அது அக்காவின் சிவப்பழகு க்ரீம். தினமும் கதவுக்குப் பின்னால் அவசரமாக அப்பிக்கொள்வது. காலையில் இரண்டு தடவை சோப்புப் போட்டும் போகாத மிச்சம்தான் அந்த ஊதா வெளிச்சத்தில் மினுங்கியதாம். டாக்டர் சிரித்துக்கொண்டே வேறு மருந்து எழுதினார்.

கேலி செய்பவர்கள் இந்தத் தாளிலேயே கீழே எழுதலாம், அறிவிப்புப் பலகையில் பென்சில் கட்டியிருக்கிறேன். அம்மா சொல்வதற்குள் இதையும் சொல்லிவிடுகிறேன்: "பேய்!" என்று கத்தி டாக்டரைக் கட்டிக்கொண்டது நான்தான்.