கேட்டது கிடைக்காத நேர்த்தி

ஜெர்மனியின் இம்மென்ஸ்ரட் நகரில் இன்னாசித்தம்பியின் குசினி யன்னலால் பார்த்தால், வானம் வெளித்த நாள்களில் எதிர்மலை உச்சியில் ஒரு சிலுவை தெரியும். இந்நாட்டில் மலையுச்சிகளில் சிலுவை நாட்டுவது வழமை. கோயில் இருக்கவேண்டும் என்பதில்லை. ஆனால் அவருடைய மனைவி கொறற்றி, அங்கே சிறிய கோயிலாவது இருக்கும் என்றே நம்பினாள். காலையில் தேத்தண்ணீர் வைக்கும்போது அந்தப் பக்கம் பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்வாள்.

அவள் நோயில் விழுந்தபோது இன்னாசித்தம்பி நேர்த்தி வைத்தார். அவளுக்குச் சுகம் வந்தால், வெறுங்காலுடன் ஏறி அந்தச் சிலுவையடியில் மெழுகுதிரி கொளுத்துவதாக. மன்னாரில் இருந்த காலத்தில் மடு மாதா கோயிலுக்கு அப்படி நடந்தவர். சுகம் வரவில்லை. மாசி மாதம் அவளை அடக்கம் செய்தார்கள். ஐப்பசியில், வேலை செய்யும் ஹொட்டேல் சலவைப் பகுதியில் லீவு கேட்டுக்கொண்டு மலைக்குப் புறப்பட்டார். தனியே விட மனமில்லாமல் மகள் யூலியாவும் வந்தாள்.

முகட்டுப் பாதை தொடங்கும் இடத்தில் அவர் சப்பாத்தைக் கழற்றினார்.

“அம்மாவுக்குச் சுகம் வரேல்லை. பிறகென்ன நேத்தி, அப்பா?”

“வராட்டி ஏறமாட்டன் எண்டு நான் சொல்லேல்லையே.”

“மழை இருட்டுது. டொக்டரிட்டை மாதிரி மாதாவிட்டையும் இண்டைக்குத்தான் டெர்மினோ?”

“ஓம். விட்டால் புது டெர்மின் தரமாட்டினம்.”

இரு பக்கமும் சரிவு. கூழாங்கற்களைச் சீமெந்தில் அழுத்தி வைத்ததுபோன்ற பாறை. எதிரே வந்த முதிய ஜெர்மன்காரர் ஒருவர் அவருடைய கால்களைப் பார்த்து, வெறுங்காலில் நடப்பது இரத்த ஓட்டத்துக்கு நல்லது என்று மெச்சிவிட்டுப் போனார். இன்னாசித்தம்பி நன்றி சொன்னார். ஒருவருடைய வலி எதிரே வருபவருக்குப் பெரும்பாலும் வேறு ஏதோவாகவே தெரிகிறது.

பிறகு பனிப்புகார் ஏறியது. கீழேயிருந்த ஏரியும் நகரமும் மறைந்தன, சிலுவையும் மறைந்தது. கல் கிழித்த உள்ளங்காலில் குளிர் ஏறி, அடுத்த அடி வைக்க முடியாமல் அவர் பாறையில் குந்திவிட்டார்.

“ஏலாது, பிள்ளை.”

“கிட்டத்தான். திரி என்ர பையிலை கிடக்கு. நான் கொளுத்திப்போட்டு வாறன்.”

“வெறுங்காலோட போ.”

அவள் சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தாள்.

திரும்பி வந்தபோது அவளுடைய பாதங்கள் சிவந்து கன்றியிருந்தன. அவர் தன் கழுத்துச் சால்வையால் அவற்றைத் துடைத்தார்.

“திரி பத்தினதோ?”

“ஓம், அப்பா. வடிவாப் பத்தினது.”

“கோயில்?”

“சின்னன் ஒண்டு இருக்கு.”

அவர் தலையாட்டினார். நனையக்கூடாதென்று பொலித்தீனில் சுற்றி அவர்கள் கொண்டுவந்த ஒரே நெருப்புப்பெட்டி அவருடைய சட்டைப்பையிலேயே இருந்தது. மலை இறங்கி முடியும்வரை அந்தப் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொண்டார். நேர்த்தி செலுத்தப்படாமலே கிடந்தது.